உப்புத் தண்ணீரில் ஊறாத ஜெல்

14 மே 2008, புதன். ஆண்டிபட்டி.

தண்ணீரை உறிஞ்சி வைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்காக ஸ்டார்ச்சிலிருந்து நான் செய்த ஜெல் குருணை, கல்லூரி ஆய்வகத்தின் சுத்த நீரில் கோலிக்குண்டாக ஊதியது. அதை நம்பி அப்பா தக்காளி வேரடியில் போட்டு, ஒரு தண்ணீர் பாய்ச்சியதோடு நிறுத்திவிட்டார். இன்று போய்ப் பார்த்தேன். செடியெல்லாம் கருகிவிட்டது. மண்ணைக் கிளறினால் குருணை ஊதாமல் சிறுத்தே கிடந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்பில் இந்த ஜெல் விரியாது என்று கருத்தரங்கில் பேசியவளே நான்தான். வீட்டுத் தண்ணீர் அப்போது நினைவுக்கே வரவில்லை.

அப்பா திட்டவில்லை. "மிச்சமிருந்தா தேவாரத்து மாமாவுக்குக் குடு ஆத்தா. அங்கன நல்ல தண்ணி" என்றார்.

சாப்பிடும்போது அம்மா, "கொழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

பாதித் தட்டு காலியாகியிருந்தது. நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.