பன்னைத் தூக்காத கை

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதில் பாதிதான் உண்மை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நம்புகிறேன். நான் அனுப்பிய அப்பாவின் படத்தைப் பார்த்து, நல்லாத் தேறிட்டாரும்மா, அடுத்த வருஷம் வர்றேன் என்று நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய். அதைப் பற்றித்தான் பேச வேண்டும், ஆனால் முதலில் உன் புகழைக் கேள்.

எங்கள் பன் தொழிற்சாலையில் பன்னை எடுத்துப் பெட்டியில் அடுக்க வாங்கிய ரோபோவின் முனையில் எந்தக் கையை மாட்டுவது என்று முதலாளி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்கு இதுதானே வேலை என்று நான்தான் பெருமையாக வாயைக் கொடுத்தேன். நான் அனுப்பிய ஒரே ஒரு படத்தைப் பார்த்து, டீ ஆறுவதற்குள், காத்தை உறிஞ்சித் தூக்குற கப் போதும்மா, விரல் வச்ச கிரிப்பர் பன்னை நசுக்கிடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். படம் அழகாக வரட்டும் என்று பன்மேல் இருந்த மாவைத் துடைத்துவிட்டு எடுத்திருந்தேன், நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் நாள் எல்லோரும் வரிசையாக நிற்க, ரோபோ துரை மெதுவாக இறங்கி வந்து பன்மேல் கப்பை வைத்தார், மாவை மட்டும் மரியாதையாக உறிஞ்சிக்கொண்டார், பன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்காக அவர் நிறுத்தினாரா என்ன! வெறுங்கையோடு போய்ப் பெட்டிக்குள் காற்றை அடுக்கிவிட்டு அடுத்ததற்கு வந்தார். மதியத்துக்குள் மாவு அடைத்துப் படுத்தேவிட்டார். அக்கா, உங்க பிள்ளை ரொம்ப சிக்கனமானதாப் பாத்துக் குடுத்திருக்காரு என்று பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள், மானம் போனாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது மெத்தென்ற ரப்பர் விரல் வைத்த கிரிப்பரை மாட்டப்போகிறார்கள். விற்கிற கம்பெனிக்காரர் நேரிலேயே வந்தார். சூடான பன், ஆறிய பன், கோணல் பன் என்று நாள் முழுக்கத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார். யார் பெற்ற பிள்ளையோ, எங்கள் பன்னுக்காக இவ்வளவு தூரம் வந்து நிற்கிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவைப் படம் எடுத்தபோதும் புதுச் சட்டை மாட்டி, தலை வாரி, இடப்பக்கம் சாயாமல் தலையணை வைத்தது நான்தான். பக்கவாதம் வந்த கை இன்னும் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்கவில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. கட்டிலிலிருந்து தூக்கும்போது எந்தப் பக்கம் பிடித்தால் அவருக்கு வலிக்காது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, என் இடுப்பும் தாங்கவில்லை. கோபமெல்லாம் இல்லையடா, உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வெயிலில் தொப்பி போட்டுக்கொள். இதைப் படித்ததும் ஆளைத் தூக்கும் கருவி எது நல்லது என்று தேடி அனுப்பிவைக்காதே. நீ வா.

உன் அம்மா