மேண்டலினுக்கு ஒரு கீ

11 பிப்ரவரி 1979, ஞாயிறு

மாலைப் பூசை முடிந்து இஞ்ஞாசிமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். பாடகர் குழுவை நடத்துபவர். என் வீட்டுக்காரர் அவரிடம் இன்றும் அதையேதான் சொன்னார்: "கீதான்ணே போச்சு. கீ கெடச்சா வாசிச்சிருவேன்." அண்ணன் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மேண்டலினின் தலைப்பக்கத்தில் கம்பியை முறுக்கும் கீ. ஒரு பக்கத்துக்கு நான்கு, நான்கும் ஒரே தகட்டில் இருக்கின்றன. ஒன்றின் பல் தேய்ந்து வழுக்குவதால் தகட்டோடு மாற்ற வேண்டும். மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு வாங்கிய ஜெர்மன் மேண்டலின்.

நவம்பரில் இவருக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. நடை திரும்பிவிட்டது. இடது கை விரல்கள் திரும்பவில்லை. கம்பியை அழுத்த வேண்டியவை அந்த விரல்கள்தான். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. கீயைப் பற்றித்தான் பேசுகிறோம்.

17 பிப்ரவரி, சனி

பினாங்கில் இசைக்கருவிக் கடை. கடை முதலாளி, சீனத் தவுக்கே, பழைய தகட்டை அளந்து பார்த்தார். புதியதில் கீக்களுக்கு இடையே உள்ள தூரம் வேறு, துளையில் இறங்காது. "தா அடா லா", இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

ஃபெரியில் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. எதற்கு? கிடைக்காததற்கா?

28 பிப்ரவரி, விபூதிப் புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. கோயிலில் இனி வாய்ப்பாட்டு மட்டும்தான். வாத்தியங்களை ஈஸ்டர் பூசையில் பாடும் வானவர் கீதத்துக்குத்தான் மறுபடி எடுப்பார்கள். இவர் வீட்டிலும் கம்பியைத் தொடமாட்டார், எப்போதும் அப்படித்தான். எனக்கு அது வசதி என்று நினைத்திருந்தேன் - இன்று காலைவரை.

"ஈஸ்டருக்கு வானவர் கீதம் நான் வாசிக்கிறேன்னு இஞ்ஞாசிமுத்து அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், பிரிஜெட்" என்றார் இவர்.

மூளையில் செத்த இடம் திரும்ப முளைக்காது என்று ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். டாக்டரும் கை ஆறு மாதத்துக்குள் வந்தால் உண்டு என்றார். இவருடைய கூடப்பிறந்த அண்ணன் ஹெர்பர்ட்டுக்கும் இதே வாதம். கை இனி வராது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவரை அடுத்த மாதம் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

கீ கிடைக்காதவரை இவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் என் கணக்கு.

10 மார்ச், சனி

இஞ்ஞாசிமுத்து அண்ணன் வாசலிலேயே சிரித்தார். "நல்ல சேதி டீச்சர். கரங்கான் தோட்டத்துல அழகம்மான்னு ஒருத்தவங்க வீட்ல இதே மேண்டலின் இருக்கு. கழுத்து ஒடஞ்சது, ஆனா கீ சுத்தமா இருக்கு."

பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். ஒரு தாளும் இல்லை.

16 மார்ச்

"போனியா?" என்று இவர் கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

24 மார்ச், சனி

போனேன். அழகம்மா தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். கணவர் பெயர் பிச்சை; பஜனையில் வாசித்தவராம், போய்ச் சேர்ந்துவிட்டார். மேண்டலின் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

"பல்லி முட்ட போடத்தான் ஆவுது. கழட்டிக்கிட்டுப் போங்க டீச்சரம்மா. ஐயாவுக்குக் கை வந்துருச்சா?"

வரும் என்றேன்.

"அப்ப சரி. கை இல்லாதவருக்கு கீ எதுக்கு லா" என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பஸ்ஸில், தகட்டைப் போட்ட கைப்பையைத் திறக்கவே எனக்குப் பயம்.

25 மார்ச்

பொருந்தாது என்று இவரிடம் சொல்லிவிட்டேன். தகடு என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

8 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

எல்லாம் போச்சு. அண்ணன் குருத்தோலையும் கையுமாக வந்து இவர் முன்னாலேயே கேட்டுட்டார்: "அழகம்மா விசாரிச்சாங்க டீச்சர். கீ நல்லா சேர்ந்துச்சான்னு."

இவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் எடுத்துவந்தேன். அண்ணன் போனபின் இவர் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "திருப்புளி எங்க?" அவ்வளவுதான்.

நான் பிடித்துக்கொள்ள, வலது கையால் முடுக்கினார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. கம்பியும் மாட்டினோம். மீட்டவில்லை. தவக்காலமாச்சே.

15 ஏப்ரல், ஈஸ்டர்

காலையில் வலது கையால் சுருதி சேர்த்தார். கோயிலில் வானவர் கீதத்துக்கு மணி அடித்ததும் ஆர்மோனியம், பிடில், எல்லாம் ஒன்றாக எழுந்தன. இவருடைய வலது கை தாளம் தப்பாமல் மீட்டியது. இடது கை மேண்டலின் கழுத்தில் சும்மா கிடந்தது. ஒரே சுரம், பாட்டு முடியும்வரை ஒரே சுரம். மற்ற சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

16 ஏப்ரல்

சாப்பிடவில்லை.

17 ஏப்ரல்

தேத்தண்ணி மட்டும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். கடவுளே, நான் என்ன செய்யட்டும்? அந்தத் தகட்ட ஆத்துல போட்டிருக்கணும்.

18 ஏப்ரல்

மதியம் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "ஹெர்பர்ட் மாதிரி ஆயிருவேன்னு பயந்துதான் ஒளிச்சியா?"

ஆமாம் என்றேன்.

"எனக்கும் அந்தப் பயம்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சி கேட்டார்.

22 ஏப்ரல், ஞாயிறு

பூசையிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில், இடப்பக்கம், உட்கார வைத்தார். மேண்டலின் இவர் மடியில். அழுத்துவது நான், மீட்டுவது இவர்.

"அந்தக் கட்டம் இல்ல, அடுத்தது. ரெண்டு கம்பியையும் சேத்து அமுக்கு. பயாலஜி டீச்சருக்கு விரலு எங்க இருக்குன்னே தெரியல பாரு."

வலிக்கிறது என்றேன். வலிக்கட்டும் என்றார். வானவர் கீதத்தின் முதல் வரி பாதிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"நாளைக்கு நகத்த வெட்டிட்டு வா."

இடது கையில் மட்டும் இப்போதுதான் வெட்டினேன்.