ம. எழுதிய மூன்று பக்கம்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே தூறல். விழுப்புரத்தில் பாசஞ்சர் இருபது நிமிடம் தாமதம். திண்டிவனம் இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கல்லூரி. கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

மூன்றாம் பீரியட் முடிந்ததும் ஒரு மாணவி வந்தாள். எம்.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை. ம. என்று வைத்துக்கொள்கிறேன். பத்து நாளாக வகுப்புக்கு வரவில்லை.

"மேடம், லீவ் லெட்டர்ல என்ன காரணம் எழுதறது?"

காய்ச்சலா என்றேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். அவளுடைய புராஜெக்ட் கைடு. ஆய்வகத்தை ஒட்டிய ஸ்டோர் ரூம். பாட்டில்களைச் சரிபார்க்க வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். அங்கே வைத்து அவளைப் பலவந்தப்படுத்தியிருக்கிறார். இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "ஏன் அன்னிக்கே சொல்லல?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "தப்புத்தாங்க மேடம்" என்று எழுந்து போய்விட்டாள்.

உள் புகார்க் குழுவில் மூன்று வருடமாக என் பெயர் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் போன் நம்பரோடு. இதுவரை யாரும் வந்ததில்லை. அதை நல்ல சேதி என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுதியதைத் திரும்பப் பார்த்தால் 'கூப்பிட்டிருக்கிறார்', 'பலவந்தப்படுத்தியிருக்கிறார்'. அவனுக்கு மரியாதை. கைப்பழக்கம்.

ஜூலை 15, செவ்வாய்

முதல் வேலையாக ஹாஸ்டல். ம. கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "நேத்து நான் கேட்டது தப்பும்மா" என்றேன்.

"அதயேதான் நானும் என்னக் கேட்டுக்கினு கிடக்கேன் மேடம், பத்து நாளா."

என்ன வேண்டும் என்று கேட்டேன். சொன்னபடியே குறித்துக்கொண்டேன்: அந்த லேபில் கால் வைக்க மாட்டாள். வேறு கைடு. அப்பாவிடம் அவள் சொல்லும்வரை யாரும் சொல்லக் கூடாது. போலீஸ்? "அது இப்ப வாணாம். யோசிக்கிறேன்." சரி என்றேன். போக நினைக்கும் நாளில் கூட வருகிறேன் என்றும் சொன்னேன்.

மதியம் அவளை அழைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு பெண் டாக்டரிடம். அவள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனேன். டாக்டர் எதைச் செய்வதற்கு முன்பும் அவளிடம் கேட்டுக்கொண்டே செய்தார். எனக்கும் பாடம்.

ஜூலை 17, வியாழன்

புகார் மனு. மூன்று பக்கம், அவள் கையெழுத்திலேயே. மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினாள். தேதியை மட்டும் என்னிடம் கேட்டாள்.

பிரின்சிபால் ரூம். படித்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பொண்ணு பேருதாம்மா கெட்டுப்போவும். பேசி முடிச்சுக்கலாம். நீங்களும் கௌரவ விரிவுரையாளர்தான? உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"பெற்றுக்கொண்டதுக்கு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான்காவது முறை போட்டார்.

வரும் மே மாதம் என் பணி நீட்டிப்பு. ரயிலில் அதை நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். துவைத்ததெல்லாம் காய்ந்தது.

ம. தன் அப்பாவை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவருக்கு மேல்மலையனூர் பக்கம் மல்லாட்டை விவசாயம். நடந்ததை அவளே சொன்னாள். நான் அடுப்படியில் நின்றேன்.

பிறகு அவர் குரல்: "வூட்டுக்கு வந்துடு கண்ணு. படிச்ச வரைக்கும் போதும்."

"நான் எதுக்குப்பா வரணும்? போவ வேண்டியது அவன்."

காபி எடுத்துக்கொண்டு போனேன். அவர் துண்டில் முகத்தைப் பொத்தியிருந்தார். ம. அவர் முதுகில் கை வைத்திருந்தாள்.

கிளம்பும்போது அவர் என்னிடம், "இதுல நாம ஜெயிப்பமா மேடம்?"

"தெரியலைங்க."

"தெரியலன்னு சொல்றீங்க பாரு, அது போதும். மத்தவங்கள்லாம் தெரிஞ்ச மாரியே பேசுறாங்கோ" என்றார்.

ஜூலை 30, புதன்

விசாரணை. வெளியாளாகப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் வக்கீல். இருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று அவர்தான் உறுதியாக நின்றார். குழுவில் ஒருவர் "அன்னிக்கு என்ன டிரெஸ்?" என்று ஆரம்பிக்க, வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "அந்தக் கேள்விய எடுத்துடுங்க. இல்ல, கேட்டவர் பேரோட ரெக்கார்டுல போடுவேன்." எடுத்துவிட்டார்கள்.

ம. நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்டாள். மற்றபடி நிறுத்தவில்லை.

அவன் மறுத்தான். பிரின்சிபால் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினான்.

சாயங்காலம் இடைக்கால முடிவு. விசாரணை முடியும்வரை அவன் கல்லூரிக்குள் வரக் கூடாது. அவளுக்கு வேறு கைடு. பாதிதான். ஆனாலும் பாதி.

ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் தேவைக்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஆறு மணிக்கு ம. போன். "ஸ்டேஷனுக்கும் போலாம் மேடம். இன்னிக்கே." லீவ் சொல்லிவிட்டேன்.

மகளிர் காவல் நிலையம். அவள் அப்பா முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தார். எஸ்.ஐ. அம்மா நாற்காலியைக் காட்டினார். அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க யாரு, அம்மாவா? என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ம.: "எங்க டீச்சருங்க. நடந்தது எனக்கு. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

கூட இருக்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வெளியே வந்தேன். அவள் அப்பா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.