மீதிப் பாதிப் புட்டி

ஜனவரி 11, சனி

பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டு விருந்தில் இன்று என் மருமகன் என் மானத்தை வாங்கிவிட்டான். போன மாதம் ஃபின்லாந்தில் மகளும் அவனும் இருக்கும் வீட்டில் நான் தங்கியிருந்தபோது நடந்ததை அத்தனை பேருக்கும் நடித்துக் காட்டினான்.

"வெளிய முட்டி வரைக்கும் பனி. என் பாஸ் வீட்டு சவுனா ரூம்ல எல்லாரும் துண்டு கட்டிக்கிட்டு, கல்லுல தண்ணி ஊத்தி, ஆவியில அமைதியா உக்காந்திருக்கோம். அத்தை தைலத்த எடுத்து அந்தக் கல்லுல ஊத்திட்டாங்க லா! கண்ணெல்லாம் எரிஞ்சு, என் பாஸ் வெறும் துண்டோட பனியில ஓடுறாரு!"

அண்ணி சிரித்த சிரிப்பில் ரசத்தைச் சேலையில் கொட்டிக்கொண்டாள். என் மகள் ஷாலினியும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மூச்சு விட முடியல அத்தை, மூக்கு அடைக்குது" என்று அன்று காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றியவன் இவன்தான். சளி என்றால் நாங்கள் தைலம் போட்டுத்தானே ஆவி பிடிப்போம்? அங்கே ஆவி தயாராக இருந்தது. இவனுக்காகத்தான் பாதிப் புட்டியை ஊற்றினேன். அதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கே மூக்கு திறந்ததையும் சொல்லவில்லை.

கிள்ளானில் எங்கள் வீடு வரும் வரை காரில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

இப்போது பக்கத்து அறையில் தும்முகிறான். விருந்தில் அந்த ரோஸ் பாலை, ஐஸ் பண்டோங்கை, அப்படிக் குடித்தால் வேறென்ன வரும்? கதவுக்கு வெளியே ஷாலினி நிற்கிறாள்.

"மா, தூங்கிட்டீங்களா? தைலம் இருக்கா? அவருக்கு மூக்கு அடைச்சிருச்சு."

மீதிப் பாதிப் புட்டி என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. விளக்கை அணைக்கப் போகிறேன்.