கோர்ட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை

உளுந்தூர்பேட்டை
3.7.2025

அன்புள்ள எழில்மதிக்கு,

இங்கு நான் நலம். நீயும் உன் அம்மாவும் நலமா? நம் மகள் தமிழ்மொழி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா? என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், அதனால்தான் கடிதம்.

நான் போட்ட விவாகரத்து மனு கோர்ட்டிலிருந்து வந்திருக்கும். அதில் உன்மேல் 'குரூயல்டி' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கோபப்படாதே. நாம் பேச்சில் சொல்கிற கொடுமை வேறு, சட்டத்தில் அது வேறு என்கிறார் வக்கீல் தெய்வசிகாமணி. ஏதாவது ஒரு காரணம் எழுதியாக வேண்டுமாம். இரண்டு பேரும் சேர்ந்து மனு போட்டால், ஒரு வருடம் பிரிந்திருந்து அப்புறமும் ஆறு மாதம் காத்திருக்கணும். ஆகஸ்ட் 4 அன்று நீ கோர்ட்டுக்கு வராமல் இருந்தால் போதும், எதிர்ப்பில்லாத கேஸாகத் தைக்குள் முடிந்துவிடும்.

என்றும் உன் நலம் நாடும்,
தனசேகரன்

திருநாவலூர்
9.7.2025

தமிழ்மொழியின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். மனுவை மூன்று முறை படித்தேன். அந்தப் பேப்பரைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது. மாடுகளை லாரியில் நெருக்கி அடைத்துக்கொண்டு போனால் டோல்கேட்டில் பிடித்து வைத்துச் சொல்வார்களே, அந்த வார்த்தையை என் பேருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்.

படுத்த படுக்கையாகக் கிடந்த உங்கள் அம்மா பச்சையம்மாளுக்கு நான் சோறு போடவில்லையாம். எட்டு மாதம் அவர்கள் முதுகுப் புண்ணைக் கழுவியது யார்? "எழிலு, மூக்கப் பொத்திக்கினு செய்யிம்மா" என்று அத்தை அழுவார்கள். நீங்கள் வாசற்படியைத் தாண்டாமல், "இன்னா நாத்தம்டி இது, ஊதுவத்தி ஏத்து" என்பீர்கள்.

நாளைக்குத் தமிழ்மொழி வளர்ந்து இதைப் படிப்பாள். அவளுக்குச் சட்ட அர்த்தத்தை யார் சொல்வது? அத்தையை நான் பட்டினி போட்டேனா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

எழில்மதி

உளுந்தூர்பேட்டை
14.7.2025

அன்பு எழிலுக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. இதையெல்லாம் ஏன் நிஜமென்று எடுத்துக்கொள்கிறாய்? அம்மாவைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டது நீதான். எனக்கு மட்டுமா, தெருவுக்கே தெரியும். வக்கீல்தான், "ரெண்டு மூணு சம்பவம் சொல்லுங்க, இல்லன்னா கேஸ் நிக்காது" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ என் மூஞ்சியில் சோற்றை எறிந்ததாக இருப்பதும் அப்படித்தான். நீ தங்கமான பொண்ணு. தயவுசெய்து 4-ஆம் தேதி வராதே. தையில் கல்யாண மண்டபம் வேறு சொல்லி வைத்தாகிவிட்டது.

தனசேகரன்

திருநாவலூர்
21.7.2025

தனசேகரனுக்கு,

பன்னிரண்டு வருடத்தில் உங்கள் பேரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இனி அந்த மரியாதை உங்களுக்கு எதற்கு?

பதில் கேட்டது உங்களை மாட்டிவிட அல்ல. கொஞ்சமாவது வெட்கப்பட்டு எழுதுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எழுதியது மண்டபத்தைப் பற்றி. சீ! அத்தையின் புண்ணில் சீழ் துடைத்தபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை.

விவாகரத்தை நான் தடுக்க மாட்டேன். உங்களோடு வாழ எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யோடு அது நடக்காது. 4-ஆம் தேதி கோர்ட்டுக்கு வருகிறேன். உங்கள் கையால் எழுதிய இரண்டு கடிதங்களும் என் வக்கீல் விஜயலட்சுமியிடம் இருக்கின்றன. படித்துவிட்டு, "இது போதும்மா" என்றார்.

தமிழ்மொழிக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பச்சையம்மாளின் மருமகள்
எழில்மதி