கீழே ஐந்து, மேலே மூன்று

அக்கா, பரீட்சையில் நீங்கள் கையைக் காட்டி எனக்கு விடை சொன்னதாக எழுதிவைத்திருப்பது பொய். அந்தப் பொய் இன்னும் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.

இன்று காலை தேர்வுத்துறை அலுவலகத்திலிருந்து தபாலில் பழுப்பு உறை ஒன்று வந்தது. என் நான்காவது மனுவுக்குப் பதில். ‘சம்பந்தப்பட்ட தேர்வர் காலமாகிவிட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது.’ ஒரே வரி. ஆள் போனால் பழியும் போய்விடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. போகவில்லை. “அத்தை அந்த வயசுல காப்பியடிச்சு மாட்டுனாங்கல்ல” என்று உங்கள் மருமகள் இன்னமும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

பல்லடத்து விசைத்தறி ஷெட்டில் உங்களுடையதும் என்னுடையதும் அடுத்தடுத்த தறிகள். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. நூல் அறுந்தால் ஒரு விரல், டீ வந்தால் இரண்டு விரல், எல்லாம் கையால்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு நாம் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதக் கிளம்பியபோது, கணக்கும் கைக்கே வந்து சேர்ந்தது.

இருவருக்கும் சேர்த்து ஒரே பழைய புத்தகம். சொல்லித்தர ஆளில்லை. பின்ன அடுக்கு வந்த பக்கத்தில் நான் நின்றுபோனேன். முப்பத்திரண்டின் தலையில் ஒரு பின்னம்: மேலே மூன்று, கீழே ஐந்து. முப்பத்திரண்டை மூன்று முறை எழுதிப் பெருக்கி, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் என்று ஒரு பூதத்தைக் கொண்டுவந்து, அதற்கு ஐந்தாம் படிமூலம் தேடித் திணறிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தீர்கள்.

“ஏனம்மணி, பக்கத்து ஊட்டுக்குப் போறதுக்கு ஆனைமலையச் சுத்திப்போட்டு வருவியா? கீழ் நெம்பரை மொதல்ல பாரு. எதை அஞ்சு தடவ எழுதிப் பெருக்கினா முப்பத்திரண்டு?”

“ரெண்டுங்கக்கா.”

“மேல மூணு இருக்குதல்ல? இப்ப மூணு ரெண்டைப் பெருக்கு.”

“எட்டுங்க.”

“அவ்வளவுதான். மூலத்தை எடுத்துப்போட்டா கணக்கு சின்னதாயிரும்.”

அன்றிலிருந்து கீழ் எண்ணுக்கு இடக்கையைத் தாழ்த்துவோம், மேல் எண்ணுக்கு வலக்கையை உயர்த்துவோம். ஒரு எண்ணைச் சாக்பீஸால் தறியில் எழுதிவிட்டு நீங்கள் விரல்களைக் காட்டுவீர்கள். நான் தப்பாகச் சொன்னால் நாக்கைத் துருத்துவீர்கள். மூன்று மாதம் இப்படியே படித்தோம்.

பரீட்சை கோயம்புத்தூரில், ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு பள்ளியில். என் முதுகுக்குப் பின்னால் உங்கள் இடம். அடுக்குக் கணக்கு வந்ததும் உங்கள் கைகள் தாமாக எழுந்துவிட்டன. நீங்கள் யோசிப்பதே அப்படித்தான். மேற்பார்வையாளர் உங்கள் தாளைப் பிடுங்கினார்.

“கையைக் காட்டி யாருக்கு விடை சொல்றீங்க?”

“யாருக்கும் இல்லீங்க சார். எனக்கேதானுங்க.”

நான் எழுந்தேன். “நான் முன்னால உக்காந்திருக்கிறனுங்க. எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்குது?”

அறையே சிரித்தது. அவருக்குக் கோபம் ஏறியது. “உக்காருங்கம்மா. இல்லேன்னா உங்க பேப்பரும் போயிரும்.”

உட்கார்ந்தேன். அதை நான் மறைக்கப் போவதில்லை. மூன்று மாதப் படிப்பு கண்ணில் நின்றது, உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மதில் ஓரம் கடலை உரித்துக்கொண்டிருந்தீர்கள். அழுது முடித்த முகம். “அந்த அடுக்குக் கணக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டீர்கள்.

“ஒம்போதுங்கக்கா.”

“எனக்கும் ஒம்போதுதான்.” கடலையை என் பக்கம் நீட்டினீர்கள்.

நான் தேறினேன். சான்றிதழை வாங்கி வரச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். உங்கள் பெயர் சரியாகும்வரை அதைத் தொடமாட்டேன். உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது ஒரு பழக்கம்: எவ்வளவு பெரிய எண்ணைக் கொண்டுவந்து மிரட்டினாலும் மிரளாமல் மூலத்தைத் தேடுவது.

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன். அந்த அலுவலகம் இருக்கைப் பட்டியலை எடுத்து, யார் முன்னால், யார் பின்னால் என்று பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் தாம் கண்டதை மட்டும் எழுதித் தர வேண்டும். அவராக நினைத்துக்கொண்டது யாருக்கும் வேண்டாம். பதிவேட்டை வைத்திருப்பவர் உங்கள் பெயருக்கு நேரே உள்ள வரியை அடித்து நீக்க வேண்டும். உங்கள் தாளைத் திருத்தி மதிப்பெண் போட வேண்டியவர்கள் போட வேண்டும். உங்கள் மருமகள் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும்; அவளிடம் நானே போய்ச் சொல்வேன். ஐந்தாவது மனுவை நான் எழுத வேண்டும், இந்த முறை எழுந்து நின்று.

நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, அக்கா. உங்கள் விடை சரி.