வெண்ணெய் வாசம்

மார்ச் 3
தங்கையை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தோம். ஐந்து மாதக் கரு போய்விட்டது. லிஸ்டீரியா என்றார் டாக்டர். சாப்பாட்டில் வந்து கருவைக் கலைத்துவிடும், ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி. அவள் மதியச் சாப்பாடு தினமும் ஆபீஸ் கேன்டீனில்தான். கேன்டீன்காரனைப் போய்க் கேட்டேன். "ஃப்ரிட்ஜ்ல இருந்தது எப்படிங்க கெடும்? வீட்ல என்னத்தச் சாப்பிட்டாங்களோ!" என்று சிரிக்கிறான்.

இருடா, உன்னை வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 6
கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. சுகாதார ஆய்வாளர் அந்தக் கேன்டீன் மாதிரிகளை நான் வேலை பார்க்கும் லேபுக்கே அனுப்பியிருக்கிறார். கிருமிகள் வளரும்போது வெளிவிடும் ஆவிகளை எங்கள் புது எந்திரம் மோப்பம் பிடித்துக் கோடுகளாக வரையும். லிஸ்டீரியா என்றால் வெண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். நம் மூக்குக்கு எட்டாது, எந்திரத்துக்கு எட்டும். நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தங்கை விஷயம் லேபில் யாருக்கும் தெரியாது.

மார்ச் 7
ஒன்றுமே இல்லை! சாலட், பால், கோழி, எல்லாம் சுத்தம். சோதனை வருவது தெரிந்து பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டானே பாவி. விட்டுடுவேனா?

மார்ச் 8
செய்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக லேபில் வளர்க்கும் லிஸ்டீரியா புட்டியிலிருந்து ஒரு சொட்டு, அவன் சாலட்டில்.

மார்ச் 10
வெண்ணெய்க் கோடு உச்சிக்கு ஏறியது. அறிக்கை போனது. சாயங்காலமே கேன்டீனுக்குப் பூட்டு. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். நல்லா உட்காரு. என் வயிறு குளிர்ந்தது.

தங்கையிடம் சொன்னேன். இன்றுதான் தட்டைக் காலி செய்தாள்.

மார்ச் 13
லேப் தலைவி மேடம் கூப்பிட்டு, எந்திரம் வரைந்த இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். "இது சாலட், இது நம்ம புட்டி. மேடு பள்ளமெல்லாம் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. வருஷக்கணக்கா லேப்லயே வளர்ந்த கிருமிம்மா, அதுக்குன்னு ஒரு வாசனை இருக்கு. அது எப்படிக் கேன்டீனுக்குப் போச்சு?"



மார்ச் 14
வேலை போய்விட்டது. போகட்டும். லேப் அவனுக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்துக் கேன்டீனைத் திறக்க வைத்திருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. யானை மாதிரி என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 19
கூட வேலை பார்த்தவள் போன் செய்தாள். ஆய்வாளர் அப்போதே கேன்டீன் ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரையும் பஞ்சால் துடைத்து அனுப்பியிருந்தாராம். அதை வளர்த்துப் பார்த்தவள் அவள்தான். "வந்துடுச்சுடி. நிஜ லிஸ்டீரியா. ஆனா இந்தக் கேஸ்ல நம்ம லேப் சொல்ற எதுவும் இனிமே செல்லாதாம். மறுபடி எடுக்கலாம்னு போனா, ஃப்ரிட்ஜையே மாத்திட்டான்."

தங்கை பக்கத்திலேயே இருந்தாள். பாதி காதில் விழுந்திருக்கிறது.

"அப்ப நிஜமாவே அவன்தானாக்கா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் கேன்டீன் திறந்திருக்கு?"